சேற்றுக்கென்று செய்த வண்டி

பின்சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. வண்டி ஒரு சாண்கூட நகரவில்லை.

மழை கொட்டிய ஒரு மத்தியானம். தாராவியில் எங்கள் கோளியிலிருந்து மெயின் ரோட்டுக்குப் போகும் வழி, தோல் கிடங்குகளுக்குப் பின்னால், முழங்கால் வரை சேறு. நடுச்சேற்றில் என் அண்ணன் ஜெபமணி ஒரு சின்ன மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்து ஆக்ஸிலரேட்டரைத் திருகிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் அவன் மனைவி, என் மதினி எஸ்தர், நிறைமாதத்துக்குக் கொஞ்சம் முன்பே வந்துவிட்ட வலியோடு வயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். நான் அவள் முதுகைத் தாங்கிக்கொண்டு நின்றேன். சக்கரம் வாரியடித்த சேறெல்லாம் என் முகத்திலும் அவள் சேலையிலும் விழுந்தது.

"தங்கம், என்னை விட்டிராத" என்றாள் மதினி.

"விடமாட்டேன் மதினி."

வண்டி அன்றைக்குப் பளபளவென்று இருந்தது. கைப்பிடியில் குரோமியம், டேங்கில் சிவப்புப் பெயின்ட், அதன்மேல் வெள்ளைக் கோடு. சேற்றுக்கு நடுவில் அது கல்யாண வீட்டுக்குப் புறப்பட்டதுபோல நின்றது. இத்தனை வருஷம் கழித்தும் அந்தப் பளபளப்பை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

போன வாரம் தண்ணீர்க் குழாய்ச் சண்டைகளைப் பற்றி எழுதியிருந்தேன். படித்துவிட்டு ஒரு வாசகி, "அக்கா, உங்கள் பம்பாயில் நல்லதே நடக்கவில்லையா? ஏன் இத்தனை கசப்பு?" என்று கேட்டிருக்கிறார். நல்லதும் நடந்தது தாயி. இந்த வண்டியே நல்லதுதான். அதை என்ன செய்தார்கள் என்பதைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன். இனிப்பு வேண்டுமென்பவர்கள் பக்கத்தைப் புரட்டி ராசிபலனுக்குப் போய்விடலாம்.

கட்டிலில் போன பிரசவம்

எந்த வருஷம் என்று கேட்காதீர்கள். அறுபதுகளின் நடுவில் ஏதோ ஒன்று. ரேஷன் அரிசியில் கல் பொறுக்கியே கண் பூத்துப்போன காலம்.

கோளி என்றால் ஒற்றை அறை. அதில் அண்ணன், மதினி, நான் மூன்று பேரும் இருந்தோம். அண்ணனுக்குச் செம்பூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர் வேலை. நான் விக்ரோலியில் ஒரு தொழிற்சாலையில் அட்டைப்பெட்டி ஒட்டப் போய்க்கொண்டிருந்தேன். மதினி வீட்டில் சட்டைக்குக் காஜா எடுப்பாள். அவள் விரல்கள் ஓடும்போது வாயும் ஓடும். யாரையாவது கேலி பண்ணாமல் அவளுக்கு ஒரு பொழுதும் போனதில்லை.

முதல் பிரசவத்துக்குப் பெண்ணை ஊருக்கு அனுப்புவதுதான் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து வழக்கம். மதினிக்கு அம்மா இல்லை. "சித்தி முறைக்கிற முறைப்புல பிள்ளை வெளியவே வராது" என்று சொல்லிப் பம்பாயிலேயே இருந்துவிட்டாள்.

அதுவும் மழைக்காலம்தான். வலி எடுத்ததும் நார்க்கட்டிலில் படுக்கவைத்து நாலு பேர் தூக்கினார்கள். எங்கள் கோளியிலிருந்து மெயின் ரோடு ஒன்றும் காததூரம் இல்லை. வெயில் காலத்தில் வெற்றிலை போட்டுத் துப்புவதற்குள் போய்விடலாம். மெயின் ரோட்டில் டாக்ஸி நிற்கும். டாக்ஸி பிடித்துவிட்டால் ஆஸ்பத்திரி பக்கம்தான். ஆனால் நடுவில் இருந்தது இந்தச் சேறு. டாக்ஸி உள்ளே வராது. கைவண்டி அச்சுவரை புதையும். மனுஷனே காலைப் பிடுங்கிப் பிடுங்கி வைக்க வேண்டும். கட்டில் தூக்கியவர்களில் ஒருவர் வழுக்கி விழுந்தார். மதினியும் விழுந்தாள்.

ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது பிள்ளைக்கு உயிர் இல்லை. "கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருக்கலாமே" என்று நர்ஸ் சொன்னதை அண்ணன் கேட்டுக்கொண்டு நின்றான். நானும் கேட்டேன். அந்தக் கொஞ்ச நேரம் முழுவதும் சேற்றில் போயிருந்தது.

ரோடு கேட்டுச் சலித்தவர்கள் நாங்கள். தேர்தல் வந்தால் ரோடு வரும் என்பார்கள். தேர்தல் மட்டும் தவறாமல் வந்தது.

அதுக்குப் பொறந்த பிள்ளையா?

அதற்குப் பிறகு அண்ணன் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வருவதை நிறுத்திவிட்டான். போதகர் வீடு தேடி வந்து கேட்டுப் பார்த்தார். குடிக்கப் போகிறான் என்று பக்கத்துக் கோளிக்காரர்கள் முடிவுகட்டினார்கள். அவன் போனது குர்லாவுக்கு. அங்கே பழைய இரும்புக் கடைகளில் ராணுவம் கழித்துப்போட்ட டிஸ்போசல் சாமான்கள் மலையாகக் கிடக்கும்.

ஒரு நாள் கைவண்டியில் ஒரு சாக்கு மூட்டையும் ஒரு எலும்புக்கூடும் வந்து இறங்கின. சாக்கில் எஞ்சின். எலும்புக்கூடு, ஒரு குட்டி மோட்டார் சைக்கிளின் ஃபிரேம்.

இடுப்பில் கை வைத்து அதைச் சுற்றி வந்த மதினி, "இது மோட்டார் சைக்கிளா, இல்ல அதுக்குப் பொறந்த பிள்ளையா?" என்றாள். சொன்னவள் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். பிள்ளை என்ற வார்த்தை எங்கள் வீட்டில் புழங்காமல் இருந்த நாட்கள் அவை.

அண்ணன்தான் விளக்கினான். உலகச் சண்டைக் காலத்தில் விமானத்திலிருந்து பாராசூட் கட்டி இறக்குவதற்காகச் செய்த வண்டியாம். விழுந்த இடம் காடோ மேடோ, சிப்பாய் ஏறி ஓட்டிக்கொண்டு போக வேண்டும். போக முடியாத இடத்தில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். அதனால் எடையே இல்லை. இரண்டு பேர் சேர்ந்தால் சாக்கடைக்கு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தூக்கி வைத்துவிடலாம்.

ஒர்க்‌ஷாப் முடிந்து வந்த பிறகு, சாயங்கால வெளிச்சம் இருக்கும்வரை வாசலில் உட்கார்ந்து அவன் அதைக் கட்டினான். எங்கெங்கோ தேடி, கட்டைவிரல் பருமனுக்குப் பல் பல்லாக இருக்கும் இரண்டு டயர் வாங்கிவந்தான். பல் டயர் என்போம். காற்றைக் கொஞ்சம் குறைத்துவிட்டால் சேற்றை நகத்தால் பிறாண்டுவதுபோலப் பிடித்து ஏறும். தண்ணீர் ஏறாமலிருக்கச் சைலன்சரை மேலே தூக்கி, அதன் வாயைச் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். சேறு அடைக்காமலிருக்க மட்கார்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் கை நுழைகிற இடம் விட்டான். பின்சக்கரத்துச் செயின் வீலைப் பெரிதாக மாற்றினான். வேகம் போகாது, ஆனால் மாடுபோல இழுக்கும். கடைசியாக ஒரு பிரம்பு நாற்காலியின் முதுகை அறுத்துப் பின்சீட்டில் கட்டி, தேங்காய்நார் மெத்தை போட்டான்.

அந்த மெத்தை யாருக்கு என்று அவன் சொல்லவில்லை. மதினியும் கேட்கவில்லை. ஆனால் மெத்தைக்கு உறை தைத்துக் கொடுத்தது அவள்தான்.

ஒரு சாயங்காலம் கழிமுகத்தை ஒட்டிய சதுப்பில் ஓட்டிக் காட்டினான். சிரிப்பதற்காகவே ஒரு கூட்டம் கூடியிருந்தது. வண்டி தட்டுத் தட்டென்று இருமிக்கொண்டு சேற்றில் இறங்கியது. ஒரு இடத்தில் வாலை ஆட்டியது. பிறகு ஒன்றுமே நடக்காததுபோல அக்கரையில் ஏறி நின்றது. சிரித்த வாயெல்லாம் திறந்தபடியே இருந்தது.

ஊர்ப் பொது

தாராவியில் ஒவ்வொரு ஊர்க்காரர்களுக்கும் ஒரு சங்கம் உண்டு. ஊர் ஒரு மூலையில் பனங்காட்டுக்குள் இருக்கும், சங்கம் பம்பாயில் இருக்கும். வரி போட்டு வருஷத்துக்கு ஒரு பொதுச்சாமான் வாங்குவார்கள். அண்டா, ஜமுக்காளம், பெட்ரோமாக்ஸ், பிணம் தூக்கும் பாடை. எல்லாம் சங்கத் தலைவர் பொறுப்பில் இருக்கும். வேண்டியவர்கள் கேட்டு வாங்கிப் போவார்கள்.

எங்கள் சங்கத் தலைவர் பொன்னையா அண்ணாச்சி. மளிகைக் கடைக்காரர். எப்போதும் வெள்ளை வேட்டி. தாராவிச் சேற்றில் வேட்டியில் ஒரு பொட்டு படாமல் நடக்கத் தெரிந்த ஒரே மனிதர் அவர்தான்.

அண்ணன் வண்டியைச் சங்கத்துக்குக் கொடுத்துவிட்டான். விலைக்கு இல்லை, சும்மா. எனக்குக் கோபம் வந்தது.

"ஏண்ணன், நாக்கு வறள உழைச்சுச் செஞ்சது நீ. தூக்கி அந்த ஆளு கையில குடுக்கியே?"

"ஏட்டி, எனக்குன்னு வச்சுக்கிட்டா உங்க மதினிய மட்டுந்தான் கொண்டுபோவும். சங்கத்துக்குன்னா எல்லா வீட்டுப் பொம்பளையளயும் கொண்டுபோவும்லா?"

என் அண்ணன் நல்லவன். நல்லவர்களோடு ஒரே கோளியில் குடித்தனம் பண்ணிப் பாருங்கள், தெரியும்.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த முதல் மழைக்காலம் முழுவதும் அந்த வண்டி எங்கள் பக்கத்துக்குத் தெய்வமாக இருந்தது. அடுப்பு சாய்ந்து கை வெந்த ஒரு குழந்தையைக் கொண்டுபோனது. தோல் பதனிடும் இடத்தில் கால் அறுபட்ட ஒருவரைக் கொண்டுபோனது. ஒருத்திக்கு டாக்ஸியில் ஏறிய கையோடு பிள்ளை பிறந்தது. அந்தப் பிள்ளைக்கு மோட்டார்ராஜ் என்று பெயர் வைக்கிறோம் என்று வீட்டார் பிடிவாதம் பிடிக்க, போதகர்தான் தடுத்தார். ஆபத்து இல்லாத நேரத்தில் ரேஷன் மூட்டை வரும், மண்ணெண்ணெய் டின் வரும். புதைந்துபோன கைவண்டிகளைக் கயிறு கட்டி இழுக்கும். பெரிய கட்டர், அதாவது திறந்த சாக்கடை, குறுக்கே வந்தால் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், வண்டியைத் தூக்கி அடுத்த கரையில் வைத்துவிட்டுச் சிரிப்பார்கள்.

யார் எப்போது கேட்டாலும் அண்ணாச்சி சாவியை எடுத்துக் கொடுத்தார். ஒருநாளும் மூஞ்சியைச் சுளித்ததில்லை. அதையும் எழுதிவைக்கிறேன்.

அந்த மழை ஓயும் சமயத்தில் மதினி மறுபடியும் உண்டானாள். இந்தத் தடவை அவளுக்குப் பயமே இல்லை. "என் தேர் அண்ணாச்சி வாசல்ல நிக்கி. எனக்கென்ன?" என்பாள்.

சேத்து வண்டியா?

அண்ணாச்சியின் மகளுக்கு மாட்டுங்காவில் மாப்பிள்ளை அமைந்தது. அவர்களும் நம் பக்கத்து வியாபாரக் குடும்பம்தான். ஆனால் ஒரு தலைமுறைக்கு முன்பே மாட்டுங்காவுக்குப் போய், மொசைக் தரையில் நடந்து பழகியவர்கள். மாட்டுங்காவுக்கும் தாராவிக்கும் நடுவில் ரயில் தண்டவாளமும் ஒரு பாலமும்தான். ஏறி இறங்கினால் வேறு தேசம். அங்கே வாசலில் கோலம் அழியாமல் கிடக்கும். இங்கே வாசலே அடித்துக்கொண்டு போய்விடும்.

பரிசம் போட வந்தவர்களை வரவேற்க, சங்கத்தின் பெருமை என்று வண்டியை முன்னால் நிறுத்தியிருந்தார்கள். ஓட்டி வந்தது அண்ணாச்சியின் மச்சினன் ராஜதுரை. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் அதைப் பார்த்து மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு, "இது என்ன, தாராவிச் சேத்து வண்டியா?" என்று கேட்டார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள்.

அண்ணாச்சியும் சிரித்தார். அவர் முகம் போன போக்கை நான் பார்த்தேன். காபித் தட்டோடு பக்கத்தில்தான் நின்றேன்.

அடுத்த ஞாயிறு சங்கக் கூட்டத்தில் பேச்சு எடுத்தார். சங்கத்து வண்டி சங்கத்து மானம். கல்யாணத்துக்கு முன்னால் அதைப் பக்காவாகச் சீர்பண்ண வேண்டும். மாட்டுங்காவில் ஒரு காரேஜில் கேட்டுவிட்டாராம். புது டயர், புது மட்கார்டு, குரோமியம், பெயின்ட். சைலன்சரையும் மற்ற வண்டிகளில் இருப்பதுபோலக் கீழே இறக்கிவிடலாம். அது தலையைத் தூக்கிக்கொண்டு நிற்பது அசிங்கமாக இருக்கிறது.

அண்ணன் எழுந்தான். பொம்பளைகள் பக்கம் உட்கார்ந்திருந்த எனக்கு அவன் முதுகு மட்டும் தெரிந்தது.

"அண்ணாச்சி, அது அழகுக்குச் செஞ்சதில்ல. சேத்துக்குன்னு செஞ்சது. டயரை மாத்துனா நிக்காது. சைலன்சரை எறக்குனா தண்ணி குடிச்சுச் செத்துரும்."

அண்ணாச்சி கோபப்படவில்லை. கண் கலங்கினார்.

"ஏன்வே ஜெபமணி, நாம எப்பமும் சேத்துலயேதான் கெடக்கணுமா? நம்ம பிள்ளையளாவது பளிச்சினு ஒரு வண்டியப் பாக்காண்டாமா?"

கைதட்டல் ஓயவே இல்லை. கட்டில் தூக்கி வழுக்கி விழுந்தவரும் தட்டினார். கால் அறுபட்டு அதே வண்டியில் போனவரும் தட்டினார். அண்ணாச்சி கேட்ட கேள்வி எல்லார் நெஞ்சிலும் இருந்த கேள்விதான். அதை இல்லையென்று நான் எப்படிச் சொல்ல முடியும்? சேற்றைப் பார்த்து வெட்கப்பட்டோம். வெட்கப்பட்டவர்கள் சேற்றை மாற்றவில்லை, வண்டியை மாற்றினார்கள்.

"பழைய டயரையாவது பத்திரமா வையுங்க அண்ணாச்சி. மழைக்கு முன்னால மாட்டிக்கிடலாம்."

"வைக்காமப் பின்ன? குடோன்ல கெடக்கும். ஒனக்கில்லாததா?"

வண்டி மாட்டுங்காவிலிருந்து திரும்பி வந்த அன்று தெருவே கூடிவிட்டது. பின்னால் பெரிய கேரியர், முன்னால் பித்தளை மணி, காலில் இடித்துக்கொள்ளாமலிருக்க இரும்பு கார்டு. பிரம்பு முதுகும் தேங்காய்நார் மெத்தையும் போய், கறுப்பு ரெக்சின் சீட் வந்திருந்தது. மதினி போய் முந்தானையால் டேங்கைத் துடைத்தாள்.

"அழகாத்தான் இருக்குங்க" என்றாள் அண்ணனிடம், கொஞ்சம் பயந்துகொண்டே. "நெசமாவே நல்லாருக்கு."

அண்ணன் வண்டியின் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தான். பிறகு கீழே வைத்தான். "கனத்துட்டு" என்றான். அவ்வளவுதான்.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. மாலை போட்ட வண்டி ஊர்வலத்தின் முன்னால் மாட்டுங்காத் தார்ரோட்டில் வழுக்கிக்கொண்டு போனது. இந்தத் தடவை யாரும் கைக்குட்டையை எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாட்டிவிடலாம்

கல்யாணம் முடிந்ததும் அண்ணன் டயரைக் கேட்டான். "பொண்ணும் மாப்பிள்ளையும் விருந்துக்குப் போயிட்டு வந்துரட்டும்" என்றார் அண்ணாச்சி. அப்புறம் கேட்டான். "மழை வரட்டும்வே, வெயில்ல எதுக்கு அந்தக் கண்றாவி?" என்றார். மழை வந்தது, வழக்கத்துக்குக் கொஞ்சம் முந்தியே வந்தது. ஞாயிற்றுக்கிழமை மாட்டிவிடலாம் என்று பேச்சு.

மதினிக்கு வலி வியாழக்கிழமை வந்தது.

தண்டவாளத்தில் தண்ணீர் நின்று ரயில் ஓடாததால் நானும் அண்ணனும் வீட்டில்தான் இருந்தோம். மதினி காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். எதிர்க்கோளிக்காரர் நடக்கும் நடையை நடித்துக் காட்டப் போனவள் பாதியில் நிறுத்திக் கட்டிலைப் பிடித்துக்கொண்டாள். உட்கார்ந்திருந்த பாயில் ரத்தம்.

"ஏங்க" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கே அண்ணன் வெளியே ஓடிவிட்டான்.

பிறகு அவன் சொல்லித்தான் எனக்கு இது தெரியும். அண்ணாச்சி கேள்வியே கேட்கவில்லை. சாவியைக் கையில் திணித்து, "ஓடுவே! கேக்கவா செய்யணும்?" என்று அவரே தார்ப்பாயை இழுத்துப் போட்டார்.

"டயர் எங்க அண்ணாச்சி?"

அண்ணாச்சியின் கண் கீழே போனது. அண்ணனும் கீழே பார்த்தான்.

கடை வாசலில் பலகை போட்டு, அதன்மேல் அறுத்து விரித்த டயர்களை ஆணியடித்துப் பதித்திருந்தது. பல்லெல்லாம் மேலே பார்த்தபடி. அன்று காலையில் சாமான் வாங்க வந்த ஒரு அம்மாள் சேற்றில் வழுக்கி விழுந்தாராம். கிராக்கிகள் கால் அழுக்காகாமல் கடை ஏறட்டும் என்று மச்சினனை விட்டுப் போடச் சொல்லியிருந்தார். உபயோகமான யோசனைதான்.

"பழைய டயருதானன்னு..." என்று அண்ணாச்சி ஆரம்பித்தார். அதைக் கேட்டு நிற்க அண்ணனுக்கு நேரமில்லை.

சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது

ஆகவே பளபளக்கும் வண்டியில், வழவழப்பான புது டயரில், மதினியை ஏற்றினோம்.

கோளி வாசலிலிருந்து திரும்பும் வரை ஓடியது. தோல் கிடங்குக்குப் பின்னால் இறங்கியதும் பின்சக்கரம் பிடிப்பில்லாமல் சுற்ற ஆரம்பித்தது. நான் தள்ளினேன். கொஞ்சம் நகர்ந்தது. புது மட்கார்டுக்கும் சக்கரத்துக்கும் இடையில் சேறு அடைத்துக்கொண்டு சக்கரம் இறுகியது. அண்ணன் இறங்கி வெறும் கையால் மட்கார்டை வளைத்துப் பிய்த்தான். உள்ளங்கை கிழிந்து ரத்தம் வழிந்தது. மறுபடியும் ஏறினான். மறுபடியும் சக்கரம் சுற்றியது. இந்த அத்தியாயத்தை நான் ஆரம்பித்த இடம் இதுதான்.

பிறகு கீழே இறங்கியிருந்த சைலன்சர் தண்ணீருக்குள் போனது. வண்டி இரண்டு தடவை விக்கியது, நின்றுவிட்டது.

மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

ஆட்கள் ஓடிவந்தார்கள். கரையில் தூக்கி வைத்துவிடலாம் என்று இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் பிடித்தார்கள். கார்டும் கேரியரும் குரோமியமும் சேர்ந்து வண்டி அசையவில்லை. அதை அங்கேயே விட்டார்கள்.

அப்புறம் என்ன? நார்க்கட்டில் வந்தது. நாலு பேர் தூக்கினார்கள். நான் கூடவே நடந்தேன், கையை விடாமல். மதினி என்னைப் பார்த்து ஏதோ கேலியாகச் சொல்ல வாயெடுத்தாள் என்றுதான் நினைக்கிறேன். அப்படிப்பட்ட முகம்தான் அது. வார்த்தை வரவில்லை.

ஆஸ்பத்திரியில் பிள்ளையை எடுத்துவிட்டார்கள். பெண் குழந்தை, உயிரோடு இருந்தது. மதினி இல்லை. ரத்தம் ரொம்பப் போய்விட்டதாம். இந்தத் தடவை யாரும் "கொஞ்சம் முன்னால்" என்று சொல்லவில்லை. தேவையும் இருக்கவில்லை.

சங்கத்து மரியாதை

மறுநாள் அடக்கம். மழை விட்டிருந்தது. சங்கம் எந்தக் குறையும் வைக்கவில்லை. பாடை வந்தது, ஜமுக்காளம் வந்தது, வந்தவர்களுக்குக் கஞ்சி காய்ச்ச அண்டா வந்தது. அண்ணாச்சி வேட்டியெல்லாம் சேறாக, முதல் ஆளாக நின்று எல்லாம் பார்த்தார். அந்த வேட்டியில் சேறு பட்டு அன்றுதான் பார்த்தேன்.

பாடை எடுக்கும்போது முன்னால் மோட்டார் சத்தம் கேட்டது. ராஜதுரை வண்டியைச் சேற்றிலிருந்து எடுத்து, கழுவி, தண்ணீர் வடித்து, துடைத்து, மாலை போட்டுக் கொண்டுவந்திருந்தான். சங்கத்து ஊர்வலமென்றால் வண்டி முன்னால் போக வேண்டும் என்பது அதற்குள் வழக்கமாகிவிட்டிருந்தது. அவன் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. மரியாதை என்று நினைத்துத்தான் செய்தான்.

அண்ணன் உள்ளங்கையில் போட்ட துணிக்கட்டோடு வண்டியைப் பார்த்தான்.

"அதுக்குள்ள தொடச்சிட்டியளா?" என்றான்.

சண்டை போட்டிருக்கலாம். கல்லைத் தூக்கி அதன் மண்டையில் போட்டிருக்கலாம். நானாக இருந்தால் போட்டிருப்பேன். அவன் பாடையின் முன்கொம்பைத் தோளில் வாங்கிக்கொண்டு நடந்தான். ராஜதுரை எஞ்சினை அணைத்துவிட்டு ஓரமாக நின்றான்.

அந்த மாதமே அண்ணன் அம்பர்நாத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டான். குழந்தையை வளர்க்க நானும் போனேன். "வண்டிய நீயே கொண்டுபோய்ருவே" என்று அண்ணாச்சி ஆள் அனுப்பினார். அண்ணன் பதிலே அனுப்பவில்லை. பிறகு அது கடைத் தார்ப்பாயின் கீழேயே துருப்பிடித்துக் கிடந்து, மறுபடியும் குர்லாவுக்கே போனதாகக் கேள்வி.

வெள்ளை ஷூ

குழந்தைக்குக் கிருபா என்று பெயர் வைத்தோம். கிறிஸ்துமஸுக்கு மட்டும் தாராவிக்கு ஆராதனைக்குக் கூட்டிப்போவேன். அண்ணன் வரமாட்டான்.

அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்த வருஷம். வெள்ளை கேன்வாஸ் ஷூ வாங்கிக் கொடுத்திருந்தேன். ஆராதனை முடிந்து, அண்ணாச்சியின் கடையைத் தாண்டித்தான் ரோட்டுக்குப் போக வேண்டும். டிசம்பரிலும் கடை வாசலில் சேறு, கிருபாவின் பம்பாய்ப் பேச்சில் கீச்சட், இருந்தது. யாரோ குழாயைத் திறந்து விட்டிருந்தார்கள்.

பலகை மாறியிருந்தது. டயர்கள் அப்படியேதான் இருந்தன. பல் மட்டும் பாதி தேய்ந்திருந்தது. கல்லாவில் இருந்த அண்ணாச்சி எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். குழந்தையைப் பார்த்தார்.

கிருபா என் கையைப் பிடித்துக்கொண்டு டயரின் மேல் ஏறினாள். ஒவ்வொரு பல்லாகத் தாவித் தாவிப் போனாள். ஷூவில் ஒரு பொட்டு சேறு படவில்லை. அவளுக்கு அது ஒரே விளையாட்டு. பல் தேய்ந்திருந்தும் வழுக்கவே இல்லை.

பாதி வழியில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அத்தை, நீ ஏன் கீச்சட்ல நடக்கிறே? இங்க மேல வா."

கணுக்கால் வரை சேற்றில் நின்றிருந்தேன். சேலைக் கரையெல்லாம் போய்விட்டது.

"நீ போ மக்கா" என்றேன். "நான் இப்படியே வாரேன்."